ஊசியும் பஞ்சும்

சில்லு அக்காவுக்குக் கைரேகை கிடையாது. காலை ஒன்பதரைக்கு ஆய்வுக்கூடத்து வாசலில் இருக்கும் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைப்பாள். அது சிவப்பு விளக்கைக் காட்டி, மீண்டும் முயற்சிக்கவும் என்று சொல்லும். கட்டைவிரலை வைத்தாலும் அதே பதில்தான். இருபத்து மூன்று வருடமாக இதே கட்டடத்துக்கு வந்து போகிற ஒருத்தியை வாசலிலேயே நிறுத்தி நீ யாரென்று கேட்கும் தைரியம் அந்த இயந்திரத்துக்கு மட்டும்தான் உண்டு. கடைசியில் காவலாளி சலித்துக்கொண்டே நோட்டில் அவள் பெயரை எழுதிவிடுவார்.

ரேகை போனதற்குக் காரணம் கல். கனிம ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை கல்லைச் சில்லாக்குவது. வைரப் பொடி பதித்த வட்ட ரம்பத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கல்லை பிஸ்கட் அளவுக்கு வெட்டுவாள். அதைக் கண்ணாடித் துண்டில் பசை போட்டு ஒட்டி, தேய்ப்புப் பொடி தூவிய தட்டில் விரலால் அழுத்தித் தேய்ப்பாள். முதலில் கொரகொரப்பான பொடி, பிறகு மாவு போன்ற பொடி. தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லாத அளவுக்குக் கல் மெலியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு சுற்று கூடினால் கல்லே காணாமல் போய்விடும், ஒரு சுற்று குறைந்தால் உள்ளே இருப்பது தெரியாது. சரியாக வந்துவிட்டால் கல்லுக்குள் வெளிச்சம் புகும். கல்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அந்தச் சில்லை ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

அவள் இங்கே சேர்ந்தது பாட்டில் கழுவ. சில்லு வெட்டியவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு ஆள் போடாமல் ரம்பம் ஒன்றரை வருடம் துணி போர்த்திக் கிடந்தது. ஒரு மதியம் யாரையும் கேட்காமல் துணியை எடுத்தாள். முதல் நாற்பது சில்லும் உடைந்தன. நாற்பத்தொன்றாவதை மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்து பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அதிகாரி யார் வெட்டியது என்று கேட்டு மாடியெல்லாம் அலைந்தது இன்னும் அங்கே சொல்லிச் சிரிக்கிற கதை.

அந்த அதிகாரிதான் கமா சார். கனிமங்களைப் பகுத்துப் பெயர் சூட்டிக் கையெழுத்துப் போடுகிறவர். அறிக்கையில் ஒரு கமா இடம் மாறியிருந்தால் பதினாறு பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொல்வார். தட்டச்சுக்காரர் அவரைப் பற்றித் தனியாகப் பேசும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் அவருக்கு வஞ்சகம் தெரியாது. சில்லு நன்றாக வந்தால் கண்ணை நுண்ணோக்கியில் வைத்தபடியே, "வாம்மா, வந்து பாரு," என்று கூப்பிடுவார்.

அப்படிப் பார்த்துப் பார்த்தே அவள் சியோலைட் குடும்பத்தைப் பழகிக்கொண்டாள். எரிமலைக் குழம்பு ஆறிய கருங்கல்லில் காற்றுக் குமிழ்கள் விட்டுப்போன ஓட்டைகள் இருக்கும். அதற்குள் வெள்ளை வெளேரென்று வளர்ந்து கிடக்கும் கனிமங்கள் அவை. சூடாக்கினால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறும், ஆறினால் திரும்ப வந்து உட்காரும். வீடு இடியாமல் குடித்தனம் மட்டும் காலி செய்துவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி என்று அவள் தனக்குள் வைத்துக்கொண்டாள். அதில் நார் நாராக வளரும் மூன்று பேருக்கும் ஒரே வீட்டு அமைப்பு. சோடியம் குடியிருந்தால் நேட்ரோலைட். கால்சியம் குடியிருந்தால் ஸ்கோலசைட். இரண்டும் ஒண்டுக்குடித்தனம் இருந்தால் மெசோலைட். கண்ணுக்கு மூன்றும் வெள்ளை ஊசிதான். நுண்ணோக்கித் தட்டைச் சுழற்றும்போது ஊசி நேராக நிற்கையில் ஒளி அணைந்தால் முதலாவது, சாய்ந்து நிற்கையில் அணைந்தால் இரண்டாவது, எப்படித் திருப்பினாலும் மங்கலாகவே கிடந்தால் மூன்றாவது. இதற்கு அவளே ஒரு பாட்டு கட்டியிருந்தாள்: நேர்னா நேட்ரோ, சாஞ்சா ஸ்கோ, மங்கினா மெசோ. புத்தகத்தில் நாலு பக்கம் இருக்கிற விஷயத்தை மூன்று மூச்சில் முடித்துவிட்டாள் என்று கமா சாரே ஒத்துக்கொண்டார். கமா இரண்டும் சரியான இடத்தில் இருப்பதாகவும் சொன்னார்.

அவளுக்கு ஒரே தம்பி. பெயர் என்னவோ இருக்கிறது, அவள் கூப்பிடுவது கிரஷர், கல் உடைக்கிற இயந்திரம். சின்ன வயதில் ஒரே அறையில் படுத்தவர்கள், அவனுடைய குறட்டையில் ஜன்னல் கதவு ஆடும் என்பாள். விதி பாருங்கள், அவன் நிஜமாகவே கல் குவாரியில் துளைப்பு இயந்திரம் பிடிக்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு வயது மகளோடு அக்கா வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், சோபாவில் விழுவான். அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக், எந்த எஞ்சினையும் காதாலேயே சோதிக்கிறவர். மைத்துனன் தூங்க ஆரம்பித்தால் இதற்கு சைலன்சர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அக்கா போய் விலாவில் ஒரு குத்து குத்துவாள். அவன் புரண்டு படுப்பான். ஐந்து நிமிடம் அமைதி இருக்கும்.

அந்தக் குவாரியிலிருந்துதான் கல் வந்தது. புதிதாக வெட்டும் தெற்குச் சுவரில் கருங்கல்லோடு வெள்ளை நார் கலந்து வந்ததால், ஜல்லியை வாங்கிப் பள்ளி மைதானத்தில் போட இருந்த நகராட்சி தயங்கியது. நுரையீரலைக் கெடுக்கும் நாராக இருந்தால் வேண்டாம், இல்லை என்று சான்று கொண்டுவா என்று சொல்லிவிட்டது. குவாரிக்காரர்கள் இரண்டு பையில் மாதிரி அனுப்பினார்கள். கரித்துண்டால் எழுதிய அட்டை ஒவ்வொன்றிலும் கட்டியிருந்தது. ஒன்றில் ஊசி, இன்னொன்றில் பஞ்சு.

பதிவேட்டில் ஏற்றியவள் சில்லு அக்கா. பையைத் திறந்து பார்த்தாள். இரண்டிலும் வெள்ளை, இரண்டிலும் நார். ஒரே குவாரி, ஒரே தேதி. பதிவேட்டில் 'தொழிலாளர் வழங்கும் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் கோடு போடுவதுதான் வழக்கம். கோடு போட்டாள். இரண்டு பைக்கும் சேர்த்து ஒரே எண் கொடுத்தாள், 412. பெரிய வாய் உள்ளவனுக்கும் சின்ன வாய் உள்ளவனுக்கும் ஒரே ரேஷன் அட்டை போட்ட கதை.

வெட்டும்போது ஊசி ஒழுங்காக நின்றது. பஞ்சு நிற்கவில்லை. பசையில் ஊற வைத்தாலும் தட்டில் வைத்ததும் பிசிறு பிசிறாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விட்டது. மூன்று முறை பார்த்தாள். ஒரே எண்தானே, ஒன்று வெட்டினால் போதாதா என்று மிச்சப் பஞ்சைப் பொட்டலம் கட்டி எச்சப்பெட்டியில் போட்டாள். ஊசியின் சில்லைக் கமா சார் பார்த்தார். ஒளி நேராக அணைந்தது, எக்ஸ்ரே கருவியில் வைத்தும் சரிபார்த்தார். நேட்ரோலைட். சாது. 412 முழுவதும் தீங்கில்லாதது என்று அறிக்கை தயாராகி, கையெழுத்தும் ஆகி, நாலு மணித் தபாலுக்காக உறைக்குள் போனது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் தம்பி போன் செய்தான். வழக்கமாகச் செய்கிறதுதான், பேச ஒன்றும் இருக்காது. தெற்குச் சுவருக்கு மாற்றிப் பதினெட்டு நாளாச்சு என்றான். வேலை சுகம், பழைய சுவரில் கை நடுங்க இயந்திரத்தைப் பிடிக்க வேண்டும், இங்கே பாதிக் குழி தானாகவே உதிர்கிறது என்றான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, அப்பா தாத்தா ஆயிட்டாரு என்று சிரிக்கிறாளாம், தலை புருவமெல்லாம் அத்தனை வெள்ளை.

அவள் பாதி காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னவோ தோன்றிக் கேட்டாள்.

"அந்தச் சுவர்ல ஊசி நெறைய வருதாடா?"

"ஊசியா? அது வடக்கு மூலையிலக்கா. நாங்க இருக்கிற எடத்துல ஒரு ஊசிகூட கெடையாது. எல்லாம் பஞ்சு. ஊசி வேற, பஞ்சு வேற, இதுகூடத் தெரியாம நீ என்ன ஆபீஸ்ல வேலை பாக்குற?"

அவன் சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டு ரம்ப அறைக்குப் போனாள்.

ரம்ப அறைச் சுவரில் ஒரு பழைய எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கிறது. மூச்சில் போகக் கூடாத நார்க் கனிமங்களின் பட்டியல். எல்லாம் அஸ்பெஸ்டாஸ் வகையறா, கடைசியில் மட்டும் ஒரு சியோலைட்: எரியோனைட். அதன் பெயரை எரியும் நைட்டு என்று படித்துத் தொலைத்ததால் அவளுக்கு அது மறக்கவே இல்லை. பார்த்ததில்லை. அவள் கட்டிய பாட்டில் அதற்கு இடமும் இல்லை. மூன்று பேருக்குத்தான் பாட்டு கட்டியிருந்தாள், நாலாவது ஆள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவான் என்று நினைக்கவில்லை.

எச்சப்பெட்டியைத் துழாவிப் பொட்டலத்தை எடுத்தாள். திறக்கவில்லை. மணி ஒன்றரை. இதைச் சொன்னால் ஒரே எண் போட்டதும், வெட்டாமல் விட்டதும், எழுதாமல் மறைத்ததும் எல்லாம் தன் தலையில்தான் விழும் என்று தெரிந்தது. சொல்லாமல் தம்பியை மட்டும் வேறு சுவருக்கு மாறச் சொல்லலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததை நான் மறைக்கப் போவதில்லை, யாராக இருந்தாலும் நினைப்பார்கள். ஆனால் அங்கே இயந்திரம் பிடிப்பவர்கள் பதினோரு பேர். அத்தனை பேர் வீட்டிலும் சாயங்காலம் ஓடிவந்து கட்டிக்கொள்ள யாராவது இருப்பார்கள். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

கமா சார் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பை, இரண்டு அட்டை, ஒரே எண், தண்ணீரோடு போன பஞ்சு, பதினெட்டு நாள் தம்பி, எரியோனைட்டோ என்ற பயம். கேட்டு முடித்ததும் அவர் முகம் கறுத்தது.

"நீ பாக்காம விட்டது ஒண்ணு. உன் சில்லு வந்தா நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டது ரெண்டு," என்றார். "எரியோனைட்டுங்கிற பேருக்கு அர்த்தம் என்னன்னு தெரியுமா? கம்பளி. கிரேக்கத்துல கம்பளின்னு வச்சிருக்கான். அந்தக் குவாரிக்காரன் பஞ்சுன்னு வச்சிருக்கான். ரெண்டு பேரும் சரியாத்தான் வச்சிருக்காங்க. கோட்டிக்காரங்க நாமதான்."

நாலு மணித் தபாலில் போகும் முன் உறையைத் தபால் பிரிவிலிருந்து வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு இருவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு வேலையைத் தொடங்கினார்கள். எக்ஸ்ரே கருவி அன்று காலைதான் பழுதாகித் திறந்து கிடந்தது, சரிசெய்ய நாலு நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாதே. இரண்டு சோதனைக் குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினாள். ஒன்றில் ஊசிப் பொடி, இன்னொன்றில் ஈரமாக்கிய பஞ்சு. லேசாகச் சூடு காட்டி ஒரு மணி நேரத்துக்குத் தாங்கியில் நிறுத்தினாள். நேட்ரோலைட்டும் அதன் உறவுக்காரர்களும் அமிலத்தில் கரைந்து ஜெல்லியாக உறைந்துவிடும். எரியோனைட்டின் சட்டகத்தில் மணல் சத்து அதிகம், அது அத்தனை சுலபத்தில் அசைந்து கொடுக்காது.

அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு நகரவில்லை. கமா சார் வேறு ஏதோ அறிக்கையைத் திருத்துவதாகப் பாவனை செய்தார், ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் உறையட்டும் என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். கல்லிடம் கெஞ்சி என்ன பிரயோஜனம், அது எப்போதோ முடிவாகிவிட்டது.

ஊசிக் குழாயைச் சாய்த்தாள். உள்ளே இருந்தது அசையாமல் ஜெல்லியாக நின்றது. பஞ்சுக் குழாயைச் சாய்த்தாள். அமிலம் தண்ணீராகச் சாய்ந்தது, அடியில் பஞ்சு பஞ்சாகவே கிடந்தது.

"இது மூணு பேர்ல ஒருத்தன் இல்ல," என்றார் கமா சார். "யாருன்னு எக்ஸ்ரே சொல்லட்டும். ஆனா நாம அதுவரைக்கும் எரியோனைட்டுன்னே வச்சுக்குவோம்."

குவாரி மேலாளருக்கு அவரே போன் செய்தார். தெற்குச் சுவரில் இந்த நிமிடமே இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டது. லாரி நிற்கிறது, ஆள் நிற்கிறது, இப்படித் திடீரென்று சொன்னால் எப்படி என்று மேலாளர் குதித்தார் போலிருக்கிறது. கமா சார் குரலை உயர்த்தவே இல்லை. நிறுத்தாவிட்டால் அறிக்கை வராது, அறிக்கை இல்லாமல் அந்தக் குவாரியிலிருந்து ஒரு கூடை ஜல்லிகூட நகராட்சி வாங்காது, அதோடு தொழிலாளர் நலத்துறைக்கு அடுத்த போன் போகும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு நிறுத்தமும் சரியான இடத்தில் விழுந்தது. வடக்கு மூலை நல்ல கல், அங்கே தண்ணீர் தெளித்துக்கொண்டு வேலை செய்யுங்கள், யாருக்கும் வேலை போகாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், நான் சொல்றத அப்படியே செய். அங்கேயே தலையோட தண்ணி ஊத்திக் குளி. சட்டைய ஒதறாத, நனைச்சுப் பையில கட்டு. வீட்டுக்கு வேற உடுப்பு போட்டுட்டுப் போ. புள்ளய அதுக்கப்புறம் தூக்கு. உன்கூட இருக்கிற எல்லாருக்கும் இதே மாதிரி சொல்லு."

அவன் விளையாட்டாக ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அக்கா திட்டினால் அவனுக்குப் பழக்கம், கெஞ்சினால்தான் பயம். "சரிக்கா," என்றான்.

நாலாவது நாள் எக்ஸ்ரே கருவி ஓடியது. காகிதத்தில் முதல் கோடு எங்கே எழும்புகிறது என்று பார்த்ததுமே கமா சார் பேனாவை மூடிவிட்டார். எரியோனைட்தான். மற்ற மூன்றின் வீடே வேறு, இதன் வீடே வேறு. வெளியே அடித்த சுண்ணாம்பு மட்டும் ஒன்று.

பதினோரு பேரும் மார்பு மருத்துவரிடம் போனார்கள். தம்பியோடு அக்காவும் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருத்துவர் அம்மாள் மார்புப் படத்தை நிதானமாகப் பார்த்தார். இந்த நார் ஒரு நாளில் கெடுப்பதில்லை, வருடக் கணக்கில் உள்ளே போனால்தான் பெரும் ஆபத்து என்றார். இப்போது நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, பதினெட்டு நாளில் நிறுத்தியது பெரிய காரியம், ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார். சும்மா ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பாமல் உள்ளதைச் சொன்னதால் அவளுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப் போயிற்று. வருடம் தவறாமல் இழுத்துக்கொண்டு வருவேன் என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தாள். தெற்குச் சுவரை மண் போட்டு மூடி, கம்பி வேலி போட்டார்கள். வடக்கு மூலையில் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாய் வந்தது, மூக்குக்கு நல்ல கவசம் வந்தது. பள்ளி மைதானத்துக்கு ஒரு பிடிப் பஞ்சும் போகவில்லை.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கமா சாரும் தனக்கு ஒன்று எழுதி வாங்கிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

புதிய அறிக்கைக்காகப் பதிவேட்டைத் திருத்தி எழுதும்போது 'தொழிலாளர் வழங்கும் பெயர்' என்ற கட்டத்தில் அவள் கோடு போடவில்லை. ஊசி, பஞ்சு என்று எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் பேனாவால் நடுவில் இருந்த கமாவை அடித்தார். அவள் விழித்தாள். அவர் கமாவை அடித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"இங்க கமா கூடாதும்மா. ரெண்டு கல்லு, ரெண்டு வரி, ரெண்டு எண்."

இரண்டு வரியாக எழுதினாள். அன்றிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்துக்கு எந்தப் பை வந்தாலும் முதலில் அட்டையைப் படிக்கிறாள். அட்டை இல்லாவிட்டால் போன் செய்து, இதை உங்க ஆளுங்க என்னன்னு கூப்பிடுறாங்க என்று கேட்கிறாள். அவளுடைய பாட்டுக்கும் ஒரு அடி கூடியிருக்கிறது: பஞ்சுன்னா பயந்துக்கோ. மற்ற மூன்றைப் போல இதில் கனிமத்தின் பெயர் இல்லை, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மகள் அவன் தலையைத் தடவிப் பார்த்து, அப்பா மறுபடி அப்பாவாயிட்டாரு என்று அறிவித்தாள். சாப்பிட்டான், சோபாவில் விழுந்தான். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கதவு ஆடத் தொடங்கியது. அக்காவின் கணவர் வழக்கம்போல எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். அவள் குத்தப் போகவில்லை. சோபாவின் அருகே தரையில் உட்கார்ந்து, ரேகையில்லாத கையை அவன் மார்பில் லேசாக வைத்திருந்தாள். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் கைக்குத் தெரிந்தது.

"என்ன, நிறுத்தலையா?" என்றார் அவர்.

"ஓடட்டும்," என்றாள்.